அலுவலகத்துக்கு வந்தே ஆகணுமா? வாசகர் கேள்வி – பதில்

வாரத்துக்கு நான்கு நாள், ஐந்து நாள் நேரில் வந்தாக வேண்டும் என்ற உத்தரவு பற்றி நிறையக் கடிதங்கள். அவற்றில் உடல்நிலை காரணமாகவோ மாற்றுத்திறன் காரணமாகவோ திணறுபவர்களின் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். எழுதியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சட்டம் மாறும் இடத்தில் நாட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறோம். மற்றவை எங்கும் பொருந்தும்.

எனக்கு முடக்குவாதம். நான்கு வருடமாக வீட்டிலிருந்துதான் வேலை. ரேட்டிங்கில் ஒரு குறையும் வந்ததில்லை. அடுத்த மாதம் முதல் வாரம் நான்கு நாள் ஆபீஸ் என்கிறார்கள். எச்.ஆரிடம் போனில் கேட்டேன். “எல்லாருக்கும் ஒரே ரூல்தான் மேடம்” என்று வைத்துவிட்டார். இதற்கு மேல் என்ன செய்வது?

“எல்லாருக்கும் ஒரே ரூல்” என்பதைச் சட்டம் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஒரே விதி ஒருவரை மட்டும் வேலை செய்ய முடியாதபடி தடுத்தால், அவருக்காக அந்த விதியை வளைத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்களின் அடிப்படை. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இதை ‘நியாயமான வசதி ஏற்பாடு’ என்கிறது. அதை மறுப்பதே பாகுபாடு என்றும் சொல்கிறது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் (15 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு), பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், ஆஸ்திரேலியாவின் 1992 சட்டம், இந்தியாவின் 2016 சட்டம் எல்லாவற்றிலும் இதே கருத்து வெவ்வேறு வலுவில் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு வரம்பும் உண்டு: நிறுவனத்தின் மீது தாங்க முடியாத சுமை ஏற்றக் கூடாது.

இந்திய வாசகர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. வசதி ஏற்பாடு செய்துதர வேண்டும் என்ற நேரடிக் கடமையை 2016 சட்டத்தின் 20-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான் விதிக்கிறது. தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் 21-ஆவது பிரிவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும். 20 பேருக்குக் குறையாத இடமென்றால் உதவிக் கருவிகள், தடையற்ற சூழல், தொடர்பு அலுவலர் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். உங்கள் முதல் மின்னஞ்சலிலேயே அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள். கேட்ட பிறகுதான் பல இடங்களில் அது எழுதப்படுகிறது!

இனி போன் வேண்டாம். போனில் கேட்டதற்குக் கையில் சான்று இருக்காது. மேனேஜர், எச்.ஆர். இருவருக்கும் ஒரே மின்னஞ்சல். அதில் இந்த அளவு போதும்:

“எனக்குள்ள உடல்நிலையால், காலை எழுந்தபின் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மூட்டுகள் விறைத்திருக்கின்றன. ஒரே நிலையில் 40 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்ய இயலவில்லை. அப்படிப் பயணம் செய்யும் நாட்களில் பிற்பகலில் விரல்கள் வீங்கித் தட்டச்சு தடைப்படுகிறது. என் பணியின் முக்கிய வேலைகளான (இங்கே மூன்று அல்லது நான்கைப் பெயர் சொல்லி எழுதுங்கள்) அனைத்தையும் நான்கு ஆண்டுகளாக வீட்டிலிருந்து செய்துவருகிறேன். எனவே மாற்றுத்திறனாளிக்கான வசதி ஏற்பாடாக, வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், ஒரு நாள் காலை 11 மணிக்குத் தொடங்கி அலுவலகத்திலிருந்தும் பணிபுரிய அனுமதி கோருகிறேன். மருத்துவர் கடிதம் இணைப்பில் உள்ளது. முடிவு தெரியும்வரை இப்போதுள்ள ஏற்பாடு தொடர வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.”

இதில் நோயின் பெயரே இல்லை, பார்த்தீர்களா? உடலால் எது முடியவில்லை, அது அலுவலகம் வருவதோடு எங்கே மோதுகிறது, அதனால் எந்த வேலை கெடுகிறது என்று மூன்று கண்ணிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. நடுக்கண்ணி இல்லாமல் வரும் கடிதங்கள்தான் பெரும்பாலும் தோற்கின்றன. “எனக்கு முடக்குவாதம், ஆகவே வீட்டிலிருந்து வேலை வேண்டும்” என்று எழுதினால், படிப்பவருக்கு ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இன்னொரு பொறி ‘வசதி’ என்ற நம் சொல்லிலேயே இருக்கிறது. “வீட்டிலிருந்தால் எனக்கு வசதியாக இருக்கும்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், கோரிக்கை சொகுசுக் கணக்கில் சேர்ந்துவிடும். டிராஃபிக், பெட்ரோல் செலவு, குழந்தையின் பள்ளி நேரம் எதையும் இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். அவை உண்மையாகவே இருக்கலாம். இங்கே அவை உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தேன். “போதாது, கடந்த இரண்டு வருட ரிப்போர்ட் எல்லாம் வேண்டும்” என்கிறது எச்.ஆர். எனக்கு மனநலச் சிகிச்சையும் நடக்கிறது. எல்லாவற்றையும் காட்ட வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு ஒரு குறைபாடு இருக்கிறது, அதற்காக இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது என்ற இரண்டையும் நிறுவத் தேவையான அளவுக்குத்தான் அவர்கள் கேட்கலாம். முழு மருத்துவக் கோப்பு அந்த அளவைத் தாண்டியது. அமெரிக்கச் சட்டத்தில், கொடுத்த மருத்துவத் தகவலைப் பணியாளர் கோப்பிலிருந்து பிரித்துத் தனியே ரகசியமாக வைக்க வேண்டும் என்றே இருக்கிறது. உங்கள் மேனேஜருக்குத் தெரிய வேண்டியது ஏற்பாடு என்ன என்பது மட்டும்; காரணம் அல்ல.

ஆனால் “போதாது” என்று அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கலாம். கொடுத்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ‘இன்னாருக்கு இன்ன நோய்க்குச் சிகிச்சை நடக்கிறது, வீட்டிலிருந்து பணிபுரிவது நல்லது’ என்று இரண்டு வரிதானே இருக்கிறது? ‘நல்லது’ என்ற சொல்லே பலவீனம். நல்லது எல்லோருக்கும்தான் நல்லது. ‘தேவை’ என்று இருக்க வேண்டும், எதனால் தேவை என்றும் இருக்க வேண்டும்.

மருத்துவருக்கு உங்கள் வேலை என்னவென்று தெரியாது. போகும்போது அரைப்பக்கக் குறிப்பு எழுதி எடுத்துப் போங்கள்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரை, எத்தனை மீட்டிங், பயணம் எவ்வளவு நேரம், இருக்கை எப்படி, சத்தம் எப்படி. கடிதத்தில் வர வேண்டியவை: எந்தச் செயல் எந்த அளவுக்குக் குறைபட்டிருக்கிறது (நிமிடம், மணி, தடவை என்று எண்ணில்), அது நிரந்தரமா, எத்தனை மாதமா, ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும், அடுத்து எப்போது மறுபரிசீலனை. காலம் குறிப்பிடாத கடிதம் மூன்று மாதத்தில் திரும்பக் கேட்கப்படும். பிரிட்டனில் பாதிப்பு 12 மாதம் நீடித்தது அல்லது நீடிக்கக்கூடியது என்பது சட்டத்தின் நிபந்தனையே. அந்த வரி விட்டுப்போனால் மற்றதெல்லாம் வீண்.

இந்தியாவில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்ற சான்றிதழ் இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினையுள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் நியாயமான வசதி ஏற்பாட்டுக்கு அந்த 40 சதவீதம் முன்நிபந்தனை இல்லை என்று தெளிவாக்கிவிட்டது. இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு அந்த எண் தேவை, இதற்கு இல்லை.

வீட்டிலிருந்து வேலை கேட்டேன். அதற்குப் பதில் புது நாற்காலியும், உயர்த்தித் தாழ்த்தும் மேசையும் தருகிறோம், வாருங்கள் என்கிறார்கள். மறுக்கலாமா?

உடனே மறுக்காதீர்கள். பலன் தரும் ஏற்பாடு இரண்டு இருந்தால், எதைத் தருவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குத்தான். நீங்கள் கேட்டதையே தர வேண்டும் என்பதில்லை. அவர்கள் தருவது பலனளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் சண்டையை ‘எனக்கு எது பிடிக்கும்’ என்பதிலிருந்து ‘எது வேலை செய்கிறது’ என்பதற்கு நகர்த்துங்கள். நாற்காலி உட்காரும் பிரச்சினையைத் தீர்க்கும். பயணப் பிரச்சினையைத் தொடக்கூட இல்லை என்றால் அதை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு 30 நாள் சோதனைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். தொடங்கும் தேதி, முடியும் தேதி, எதை வைத்து வெற்றி தோல்வி முடிவாகும் என்பது மின்னஞ்சலில் இருக்கட்டும். தினமும் இரண்டு வரிக் குறிப்பு: ‘செவ்வாய். பயணம் 70 நிமிடம். 3 மணிக்கு வலி 7/10. ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருந்தது. அறிக்கை மறுநாளைக்குத் தள்ளிப்போனது.’ அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய குறிப்பு, படித்தாலே தெரிந்துவிடும்.

முயன்று பார்க்காமலே மறுத்தவருக்கும், பேச்சுவார்த்தை நடுவில் பதில் போடாமல் நின்றுவிட்டவருக்கும் வழக்குகளில் மதிப்பு குறைகிறது. படிவம் கேட்டால் அனுப்புங்கள், மீட்டிங் கூப்பிட்டால் போங்கள். பேச்சு முறிந்தது உங்களால் என்று யாரும் சொல்ல வாய்ப்பு தராதீர்கள்.

“நேரில் இருப்பது இந்தப் பதவியின் அடிப்படைத் தேவை” என்று கடிதம் வந்திருக்கிறது. குடல் அழற்சி நோயால் திடீர் திடீரென்று கழிப்பறைக்கு ஓட வேண்டியிருப்பவன் நான்.

உங்களைப் போன்ற ஒருவரின் வழக்கே இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தில் எஃகு கொள்முதல் பிரிவில் இருந்த பெண் ஊழியர், குடல் எரிச்சல் நோய் காரணமாக வாரத்தில் நான்கு நாள் வரை வீட்டிலிருந்து பணிபுரியக் கேட்டார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. தோற்றதற்குக் காரணங்கள் பாடமாக இருக்கின்றன. எந்த நாள் வருவார், எந்த நாள் வரமாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஏற்பாட்டைக் கேட்டார். முக்கியப் பணிகளில் சிலவற்றை வீட்டிலிருந்து செய்ய முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். சக ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் அது வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள்தான்.

இதைத் திருப்பிப் போட்டால் உங்கள் வேலைத் திட்டம் கிடைக்கும். பணி விவரக் குறிப்பை எடுங்கள். பணியில் சேர்ந்தபோது இருந்த பழைய பிரதியும் வேண்டும், ஏனென்றால் உத்தரவுக்குப் பிறகு அது திருத்தப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே, கடைசியாக வீட்டிலிருந்து அதைச் செய்த தேதியை எழுதுங்கள். கேட்பதை நிலையான நாட்களாகக் கேளுங்கள்: செவ்வாய், வியாழன் அலுவலகம், மற்றவை வீடு, நோய் முற்றும் நாளில் காலை 8 மணிக்குள் தகவல். அலுவலகம் வரும் இரண்டு நாளுக்குக் கழிப்பறைக்கு அருகில் நிலையான இருக்கை, மீட்டிங்கில் கதவோர நாற்காலி, சொல்லாமல் எழுந்து போகும் அனுமதி மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் இதே வேலை முழுக்க வீட்டிலிருந்து நடந்ததே என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல சான்றுதான், முடிந்த முடிவல்ல. ‘அப்போது சில பணிகளை நிறுத்தி வைத்திருந்தோம்’ என்று அவர்கள் பதில் சொல்வார்கள். எந்தப் பணியும் நிற்கவில்லை என்று காட்டும் அந்த ஆண்டுகளின் மதிப்பீட்டு அறிக்கைகளை உடன் வையுங்கள்.

எனக்கு ஆபீஸ் வருவதில் பிரச்சினையே இல்லை. பார்வைக் குறைபாடு உண்டு. ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) வேலை செய்கிறேன். இப்போது யாருக்கும் சொந்த இருக்கை கிடையாதாம், தினமும் ஆப்பில் பதிவு செய்து உட்கார வேண்டுமாம்.

சுழல் இருக்கை முறை இடத்தை மிச்சப்படுத்தும். உங்களைப் போன்றவர்களின் நாளை வீணாக்கும். தினம் ஒரு மேசை என்றால் தினம் ஒரு பாதை, ஒரு விசைப்பலகை, ஒரு மானிட்டர் இணைப்பு. முதலில், அந்தப் பதிவு ஆப்பே ஸ்கிரீன் ரீடரில் இயங்குகிறதா என்று சோதியுங்கள். தள வரைபடத்தில் பெயரில்லாத பொத்தான்களாக இருக்கைகள் வரும். ரீடர் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று ஐம்பது தடவை வாசிக்கும். அதைப் பதிவு செய்து இணைத்து அனுப்புங்கள். இதைவிட வலுவான விண்ணப்பம் எழுத முடியாது.

கேட்க வேண்டியது நிலையான மேசை, மூலையிலோ தூணருகிலோ எளிதில் அடையாளம் தெரியும் இடத்தில். நடைபாதையில் பெட்டியோ நாற்காலியோ வைக்கக் கூடாது என்ற பொது அறிவிப்பு. ஒரே ஒரு காதில் மாட்டும் ஹெட்செட், மற்றக் காது சுற்றுப்புறத்துக்கு. செலவு ஏறக்குறைய இல்லாத கோரிக்கைகள் இவை. மறுப்பவர் ‘தாங்க முடியாத சுமை’ என்று சொல்ல வழியே இல்லை.

ஒற்றைத் தலைவலி. ஆபீஸ் ட்யூப் லைட்டில் இரண்டு மணி நேரம் தாங்கமாட்டேன். இதெல்லாம் ஒரு குறைபாடா?

மாதத்தில் எத்தனை நாள், எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்து, ஆம். பழைய சோக் வைத்த குழல் விளக்கு, மின்சாரத்தின் அலைவெண்ணைப் போல் இருமடங்கு, அதாவது நொடிக்கு 100 அல்லது 120 தடவை மினுங்கும். கண் அதை உணராவிட்டாலும் தலைவலிக்காரர்களில் சிலருக்கு அதுவே தூண்டுதல். உங்கள் மேசைக்கு மேலுள்ள குழல்களைக் கழற்றி மேசை விளக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மலிவான எல்.இ.டி.யும் மினுங்கக்கூடும், ஆகவே மாற்றிய பின்னும் குறிப்பு எழுதுவதைத் தொடருங்கள்.

சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அலுவலகம் ஒன்பதாவது மாடி. ரேம்ப், லிஃப்ட் எல்லாம் இருக்கிறது, அதனால் நீங்கள் வரலாம் என்கிறார்கள். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஏறுவதற்கு லிஃப்ட் இருக்கிறது. தீ மணி அடித்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அப்போது எப்படி இறங்குவீர்கள்? நேரில் வா என்று வற்புறுத்தும் பல நிறுவனங்களிடம் இதற்கு விடை இருக்காது. உங்களுக்கென்று தனிநபர் வெளியேற்றத் திட்டம் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். தீயைத் தாங்கும் காத்திருப்பு இடம் எது, படியில் இறக்கும் நாற்காலி எந்த மாடியில் இருக்கிறது, அதை இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் யார், அவர்கள் விடுப்பில் இருந்தால் மாற்று யார் என்று பெயரோடு இருக்க வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். ஒத்திகையில் உங்களை ‘நீங்கள் இங்கேயே இருங்கள்’ என்று விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கிப் போனால் அது ஒத்திகையே இல்லை.

பிறகு அளவு நாடா எடுங்கள். அமெரிக்கத் தரத்தில் கதவின் திறந்த அகலம் 32 அங்குலம் அல்லது 81.5 செ.மீ., நாற்காலி சுற்றித் திரும்ப 60 அங்குல வட்டம், ரேம்ப் சரிவு 12-க்கு 1 என்பவை எல்லை. 15 செ.மீ. உயரம் ஏற 1.8 மீட்டர் நீள ரேம்ப் வேண்டும். வாசலில் அவசரமாகப் போட்ட அரை மீட்டர் பலகை ரேம்ப் ஆகாது. கழிப்பறைக் கதவு உட்புறம் திறந்தால், உள்ளே போனபின் கதவைச் சாத்த இடமிருக்கிறதா என்று பாருங்கள். படமெடுத்து அனுப்புங்கள். எல்லாம் சரியாகும்வரை வீட்டிலிருந்து பணி என்பது அப்போது உங்கள் கோரிக்கையாக இல்லாமல் அவர்களின் இடைக்கால ஏற்பாடாகவே ஆகிவிடும்.

குறைபாடு எனக்கில்லை, என் மகனுக்கு ஆட்டிசம். அவனுக்காக வீட்டிலிருந்து வேலை கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் கதவு வேறு. அமெரிக்காவில், உங்கள் மகனின் குறைபாட்டைக் காரணம் காட்டி உங்களை வெறுத்து ஒதுக்கக் கூடாது; ஆனால் அவனைப் பராமரிக்க வசதி ஏற்பாடு தர வேண்டிய கடமை அந்த 1990 சட்டத்தில் இல்லை. அங்கே குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம்தான் உங்களுக்கு உதவும்: தகுதியிருந்தால் ஆண்டுக்கு 12 வாரம், சம்பளமில்லாமல், துண்டு துண்டாகவும் எடுக்கலாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வுப் பணி கோரலாம். இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 12 மாதம் பணிபுரிந்த பராமரிப்பாளர் கேட்டால் 21 நாளில் எழுத்தில் பதில். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி: ஊனமுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் பெற்றோருக்கும் நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அதன் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனாலும் வாராவாரம் “நீங்கள் வருகை விதியை மீறுகிறீர்கள்” என்று ஆட்டோமேடிக் மெயில். வருட ரேட்டிங்கும் குறைந்துவிட்டது.

அனுமதி எச்.ஆர். கோப்பில் இருக்கிறது, கதவருகே அட்டையைத் தேய்த்த கணக்கு வேறொரு மென்பொருளில் இருக்கிறது. இரண்டும் பேசிக்கொள்வதில்லை. மேலாளர் பார்ப்பதோ மென்பொருள் காட்டும் சிவப்புக் கோட்டை. ‘என் வருகை இலக்கை வாரத்துக்கு 1 நாள் என்று அமைப்பில் மாற்றித் தாருங்கள், இதுவரை வந்த எச்சரிக்கைகளை நீக்கியதை உறுதிசெய்யுங்கள்’ என்று கேட்டு, திரைப்பதிவோடு அனுப்புங்கள். ரேட்டிங் குறைந்ததற்கு எழுத்தில் காரணம் கேளுங்கள். ‘அலுவலகத்தில் காணப்படுவதில்லை’ என்பது போல ஏதாவது அதில் வந்தால், அது அனுமதித்த ஏற்பாட்டுக்கே தண்டனை கொடுத்ததாகும். அந்த ஒரு வாக்கியம் கையில் இருந்தால் முறையீடு பாதி முடிந்தது.

மேனேஜர் மாறும்போதும் இதே கதை நடக்கும். பழையவர் வாய்மொழியாகச் சரி என்றது அவரோடு போய்விடும். அனுமதிக் கடிதத்தில் உங்கள் பெயர், ஏற்பாடு, தேதி, மறுபரிசீலனை நாள் நான்கும் இருக்கட்டும். ஒரு பிரதியை அலுவலக லேப்டாப்புக்கு வெளியே வைத்திருங்கள். கணக்கு முடக்கப்படும் நாளில் அந்த மெயில்கள் உங்களுக்குக் கிடைக்காது.

கெடு திங்கட்கிழமை. இன்னும் பதில் வரவில்லை. போகாமல் இருந்துவிடலாமா, ராஜினாமா செய்துவிடலாமா?

இரண்டும் வேண்டாம். சொல்லாமல் போகாதிருந்தால் விஷயம் வசதி ஏற்பாட்டிலிருந்து ஒழுங்கு நடவடிக்கைக்கு மாறிவிடும். ராஜினாமா செய்தால், நீங்களாகத்தான் போனீர்கள் என்பார்கள். கட்டாயப்படுத்தி வெளியேற்றினார்கள் என்று நிரூபிப்பது கடினம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் இப்படி எழுதுங்கள்: ‘என் கோரிக்கை இன்ன தேதியிலிருந்து நிலுவையில் உள்ளது. முடிவு வரும்வரை வீட்டிலிருந்து பணியைத் தொடர அனுமதி வேண்டும். அனுமதி இல்லையெனில் திங்கள் காலைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.’ மறுத்துப் பதில் வந்தால், மருத்துவர் ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் போய்வாருங்கள், முடியாத நாளில் மருத்துவ விடுப்பு எடுங்கள், என்ன ஆயிற்று என்று குறித்து வையுங்கள்.

வெளிப் புகாருக்கான கெடு உள்முறையீட்டுக்காகக் காத்திருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள், பெரும்பாலான மாநிலங்களில் 300 நாள். உள்ளே மேல்முறையீடு நடக்கிறதே என்று இருந்துவிட்டால் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ தலைமை ஆணையரிடமோ மனு கொடுக்கலாம். எந்த நாடானாலும் மறுப்புக் கடிதம் வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டுத்தான் அடுத்த மின்னஞ்சலைத் தட்டுங்கள்.